பட்டம் இருக்கிறது, அடிப்படை இருக்கிறதா?

பொறியியல் படித்த பிள்ளைக்குக் கணினியின் அரிச்சுவடி தெரியாது என்று யாரேனும் கூறினால் நாம் எளிதில் நம்புவதில்லை. குடும்பத்தில் ஒருவர் பி.இ. முடித்துவிட்டால் போதும், கைப்பேசி முடங்கிப் போனாலும், வங்கிச் செயலி திறக்க மறுத்தாலும், ஹஜ் விண்ணப்பம் நிரப்ப வேண்டியிருந்தாலும் வீட்டார் அனைவரும் அவரிடமே ஓடுகின்றனர். அவரும் மறுக்க மாட்டாமல் எதையோ அழுத்திப் பார்க்கிறார். சில வேளை சரியாகிவிடுகிறது. பல வேளைகளில், "சர்வர் சரியில்லை, அத்தா" என்ற ஒரே பதிலோடு விஷயம் முடிந்துவிடுகிறது.

வாசகர்களே! அந்தப் பிள்ளையைக் குறை கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அவருக்கு எது கற்பிக்கப்பட்டது, எது கற்பிக்கப்படவே இல்லை என்பதை நாம் அறிந்துகொள்ள வேண்டும். தொழில்நுட்பம் பயின்றவர்களிடம் அடிப்படைக் கணினி அறிவில் வியப்பூட்டும் ஓட்டைகள் இருக்கின்றன. இது நம் ஊரில் மட்டுமன்று, உலகெங்கும் காணப்படும் உண்மை.

ஜெராக்ஸ் கடையில் காத்திருக்கும் பட்டதாரிகள்

தேனியிலோ, போடியிலோ, உத்தமபாளையத்திலோ, கம்பத்திலோ அரசுத் தேர்வுகளுக்கு விண்ணப்பிக்கும் நாட்களில் ஏதேனும் ஒரு ஜெராக்ஸ் கடையின் முன் சிறிது நேரம் நின்று பாருங்கள். விண்ணப்பத்தில் புகைப்படம் 20 கேபிக்குக் குறையாமலும் 50 கேபிக்கு மிகாமலும் இருக்க வேண்டும் என்பது போன்ற ஒரு நிபந்தனை இருக்கும். அந்த ஒரு வரியைக் கண்டு மலைத்து நிற்போரில் பட்டதாரிகள் எத்தனை பேர்! படத்தைச் சுருக்கிக் கொடுப்பவர் பெரும்பாலும் கல்லூரி வாசலை மிதிக்காத ஓர் இளைஞர் அல்லது பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்ட ஒரு பெண். இரண்டு நிமிட வேலை. கட்டணத்தைக் கொடுத்துவிட்டுப் பட்டதாரி வீடு திரும்புகிறார். அடுத்த விண்ணப்பத்திற்கு மீண்டும் அதே கடைக்கு வருகிறார்.

கடையின் உதவியை நாடுவதில் இழிவு எதுவும் இல்லை. ஆனால் அவர் அங்கே விட்டுச் செல்வது சில ரூபாய்களை மட்டுமா? ஆதார் அட்டையின் நகல், மதிப்பெண் சான்றிதழ், கையொப்பத்தின் படம் ஆகியன அந்தக் கணினியிலேயே தங்கிவிடுகின்றன. கடவுச்சொல்லையும் வாய்விட்டுக் கூறிவிட்டு வருவோர் உண்டு. பணப்பெட்டியின் சாவியைக் கடைத்தெருவில் வைத்துவிட்டு வருவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

நம் பகுதி கல்வியில் பின்தங்கிய பகுதியன்று. உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி 1956-ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டுவிட்டது. தேனி தனி மாவட்டமானது அதற்கு நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னர், 1996-இல்தான். 2012-இல் போடிநாயக்கனூரில் அரசு பொறியியல் கல்லூரியும் வந்தது. 2011-ஆம் ஆண்டு முதல் தமிழக அரசு பல ஆண்டுகள் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினிகளை வழங்கியது. நம் இல்லங்கள் பலவற்றிலும் அவை வந்து சேர்ந்தன. எனினும் கருவி வீட்டிற்கு வந்ததே தவிர, கருவியைப் பற்றிய அறிவு வந்ததா? 2017-18-இல் மத்திய அரசு நடத்திய தேசிய மாதிரி ஆய்வின்படி, இந்தியாவில் ஐந்து வயதிற்கு மேற்பட்டோரில் கணினியை இயக்கத் தெரிந்தவர்கள் கிராமங்களில் 9.9 விழுக்காடு; நகரங்களில் 32.4 விழுக்காடு. அந்தச் சிறு பகுதியினருக்குள்ளும், இயக்கத் தெரிந்தவர் வேறு, புரிந்து இயக்குபவர் வேறு.

பாராமல் ஓதும் பிள்ளை

மத்ரஸாவில் சிறுவர்களுக்கு ஓதிக் கொடுப்போர் அனைவரும் அறிந்த ஓர் அனுபவம் உண்டு. வீட்டில் தாயார் ஓதுவதைக் கேட்டுக் கேட்டுச் சிறிய சூராக்களை மளமளவென்று ஒப்பிக்கும் பிள்ளை ஒன்று வந்து சேரும். குரலும் இனிமையாக இருக்கும். பெற்றோருக்கோ பெருமை தாங்காது. அந்தப் பிள்ளையின் முன்னே ஏட்டை விரித்து, வரியின் நடுவில் ஓர் எழுத்தின் மேல் விரலை வைத்து, "இது என்ன?" என்று கேட்டால் விழிக்கும். தொடக்கத்திலிருந்து ஓதினால் வரும். நடுவில் நிறுத்திக் கேட்டால் வராது. காரணம், அது எழுத்தைப் படிக்கவில்லை, ஓசையைப் பிடித்துக்கொண்டது.

அந்தப் பிள்ளை மந்த புத்தியுள்ளது அன்று. மாறாக, கூர்மையான காதுடையது. ஒரு படியைத் தாண்டிக் குதித்துவிட்டது. குதித்ததை எவரும் கவனிக்கவில்லை. நல்ல ஆசிரியர் கோபிக்காமல், பிற பிள்ளைகள் முன் நாணச் செய்யாமல், அலிஃபிலிருந்து மீண்டும் தொடங்குகிறார். சில வாரங்களில் குறை நீங்கிவிடுகிறது.

கணினி விஷயத்தில் நம் பட்டதாரிகள் பலரின் நிலை இதுவே. எந்தப் பொத்தானுக்குப் பின் எந்தப் பொத்தான் என்ற வரிசை அவர்களுக்கு மனப்பாடம். திரையின் தோற்றம் சற்றே மாறிவிட்டால், நடுவில் விரல் வைத்துக் கேட்ட கதையாகிவிடுகிறது.

"எங்கே சேமித்தாய்?"

அமெரிக்காவில் கேத்தரின் கார்லண்டு என்ற வானியற்பியல் பேராசிரியை 2017-இல் பொறியியல் வகுப்பொன்றை நடத்திக்கொண்டிருந்தார். ஜெட் விமான எஞ்சின்களில் உள்ள சுழலிகளைக் கணினியில் உருவாக்கிச் சோதிப்பதே மாணவர்களுக்குத் தரப்பட்ட பணி. ஒருவர் பின் ஒருவராக மாணவர்கள் வந்து, மென்பொருளால் தங்கள் கோப்பைக் கண்டுபிடிக்க இயலவில்லை என்று முறையிட்டனர். "எங்கே சேமித்தாய்?" என்று அவர் கேட்டார். அக்கேள்வியே பலருக்கு விளங்கவில்லை. ஜெட் எஞ்சினைப் பற்றிப் பயிலும் மாணவர்களுக்கு, ஒரு ஃபைல் என்பது ஒரு ஃபோல்டருக்குள் ஓரிடத்தில் இருக்கிறது என்ற கருத்தே புதிதாக இருந்தது. பிற பேராசிரியர்களும் தத்தம் வகுப்புகளில் இதையே காண்பதாகக் கூறியதாக 2021-இல் வெளியான செய்திக் கட்டுரையொன்று தெரிவித்தது.

இதற்குக் காரணம் என்ன? அவர்கள் கைப்பேசியோடு வளர்ந்தவர்கள். கைப்பேசியில் எடுத்த படம் "கேலரி"யில் இருக்கும். வந்த செய்தி வாட்ஸ்அப்பில் இருக்கும். எது எங்கே இருக்கிறது என்று நாம் கவலைப்பட வேண்டியதில்லை, தேடினால் வந்துவிடும். வசதிக்காகச் செய்யப்பட்ட இந்த ஏற்பாடு, உள்ளே இருக்கும் அமைப்பை நம் கண்ணிலிருந்து மறைத்துவிட்டது.

நம் பள்ளத்தாக்கின் விவசாயியை எண்ணிப் பாருங்கள். பெரியாற்று அணை 1895-இல் பயன்பாட்டிற்கு வந்தது முதல், மேற்கே ஓட வேண்டிய நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே நம் பக்கம் வருகிறது. கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக வயல்களும் அந்நீரை நம்பியே இருக்கின்றன. பள்ளிக்கூடம் சென்றிராத முதியவரும், தம் வயலுக்கு எந்தக் கால்வாயிலிருந்து எந்த மடை வழியே நீர் வருகிறது என்பதைத் துல்லியமாகக் கூறுவார். நீர் வராவிட்டால், அடைப்பு எங்கே என்று வாய்க்கால் கரையோடு நடந்து சென்று கண்டுபிடிப்பார். குழாயைத் திருப்பி நீர் பிடித்துப் பழகிய நகரவாசியோ, நீர் நின்றுவிட்டால் குழாயையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பார். கணினியில் நம் பட்டதாரிகள் பலர் குழாயைத் திருப்பப் பழகியவர்கள். வாய்க்காலைப் பார்த்தவர்கள் அல்லர்.

அறிவியலாளர்களும் தடுமாறிய இடம்

மாணவர்கள் மட்டுமா? 2016-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், மரபணு பற்றிய ஆய்வுக் கட்டுரைகளோடு இணைக்கப்பட்டிருந்த எக்ஸெல் பட்டியல்களை ஆராய்ந்தனர். அத்தகைய பட்டியல் கொண்ட கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் பிழை இருந்தது. என்ன பிழை? மார்ச்1, செப்ட்2 என்பன போன்ற சுருக்கப் பெயர்களையுடைய மரபணுக்கள் உண்டு. அப்பெயரைத் தட்டியதும் எக்ஸெல் அதைத் தேதி என்று கருதி, மார்ச் மாதம் 1, செப்டம்பர் மாதம் 2 என்று மாற்றிவிடுகிறது. அந்தக் கட்டத்தில் இருப்பது வெறும் எழுத்து என்று முன்கூட்டியே குறித்துவிட்டால் இது நேராது. அந்தச் சிறு செய்தி பல ஆய்வகங்களில் கவனிக்கப்படவில்லை. இறுதியில் 2020-இல் மரபணுக்களுக்குப் பெயரிடும் சர்வதேசக் குழு, அம்மரபணுக்களின் பெயர்களையே மாற்றியமைத்தது.

அதே 2020-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் நடந்தது இன்னும் கவலைக்குரியது. கொரோனா தொற்று உறுதியானோரின் பட்டியலை அந்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறை பழைய வகை எக்ஸெல் கோப்பில் ஏற்றியது. அவ்வகைக் கோப்பில் 65,536 வரிகளுக்கு மேல் இடமில்லை. அதற்கு மேற்பட்டவை சேராமல் நின்றுவிட்டன. செப்டம்பர் இறுதியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் 15,841 பேரின் விவரங்கள் அன்றாடக் கணக்கிலிருந்து விடுபட்டுப் போயின. அவர்களோடு பழகியவர்களைக் கண்டறிந்து எச்சரிக்கும் பணியும் அதனால் தாமதமானது. ஒரு கோப்பு வகையின் எல்லை எதுவென்ற அடிப்படைச் செய்தி, மனித உயிரோடு தொடர்புடையதாகிவிட்டது பாருங்கள்!

ஓட்டை எங்கே விழுந்தது?

நம் நாட்டிற்கு வருவோம். 2017-இல் ஆஸ்பைரிங் மைண்ட்ஸ் என்ற திறன் மதிப்பீட்டு நிறுவனம், 500-க்கும் மேற்பட்ட கல்லூரிகளில் தகவல் தொழில்நுட்பம் சார்ந்த பிரிவுகளில் பயின்ற 36,000-க்கும் மேற்பட்ட பொறியியல் மாணவர்களைச் சோதித்தது. ஒரு நிரலுக்குரிய தர்க்கத்தைச் சரியாக எழுத இயன்றவர்கள் 4.77 விழுக்காட்டினரே என்று அது அறிவித்தது. நிரல் எழுதுவதும் அன்றாடக் கணினி அறிவும் ஒன்றல்ல என்பது உண்மையே. ஆயினும் இரண்டிலும் நோய் ஒன்றுதான்: விளங்கிக்கொள்வதன் இடத்தை மனப்பாடம் பிடித்துக்கொண்டது.

இந்த ஓட்டை எங்கே விழுகிறது என்று ஆராய்ந்தால், யாரையும் தனித்துக் குற்றம் சாட்ட இயலாது. மேனிலைப் பள்ளியில் கணினி அறிவியல் என்பது அதைப் பாடமாகத் தேர்ந்தெடுத்தவர்க்கு மட்டுமே முழுமையாகக் கிடைக்கிறது. கல்லூரியோ, "இதெல்லாம் பள்ளியில் படித்திருப்பார்கள்" என்று எண்ணி நேரே நிரல் மொழிக்குத் தாவுகிறது. கட்டடவியலும் இயந்திரவியலும் படிப்போர்க்குத் தத்தம் துறைக்குரிய மென்பொருள் மட்டும் பழக்கப்படுகிறது. வேலை தரும் நிறுவனமோ, "பட்டதாரிக்கு இது தெரியாதா?" என்று எண்ணுகிறது. ஒவ்வொரு படியும் முந்தைய படியை நம்பிற்று. எவரும் கற்பிக்காத ஒன்றை, அனைவரும் கற்றதாக எண்ணிக்கொண்டனர். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இங்கோ, அந்தச் சுரைக்காய் ஏட்டிலும் இல்லை.

வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள்

பின்வரும் கேள்விகளை உங்கள் இல்லத்துப் பட்டதாரிகளிடம் கேளுங்கள். பரிகசிப்பதற்காக அன்று, சேர்ந்து கற்பதற்காக. விடைகளையும் தந்துள்ளோம்.

1. "நூறு எம்பி வேகம்" என்று இணைய நிறுவனம் கூறியும், ஒரு நொடிக்குப் பன்னிரண்டு எம்பிதானே இறங்குகிறது, ஏன்? நிறுவனம் கூறுவது மெகாபிட். கணினி காட்டுவது மெகாபைட். எட்டுப் பிட் சேர்ந்தால் ஒரு பைட். நூறை எட்டால் வகுத்தால் பன்னிரண்டரை. இங்கே மோசடி எதுவும் இல்லை.

2. ஒரு டெராபைட் என்று வாங்கிய வட்டு, விண்டோஸ் கணினியில் 931 ஜிபி என்று காட்டுவது ஏன்? தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார். கணினி 1,024 ஆக எண்ணுகிறது. மரக்காலின் அளவு வேறு, நெல் அதேதான்.

3. சி டிரைவில் உள்ளதை டி டிரைவிலும் வைத்துவிட்டால் பாதுகாப்பா? பெரும்பாலான மடிக்கணினிகளில் இவ்விரண்டும் ஒரே வட்டின் இரு பகுதிகள். வட்டு பழுதானால் இரண்டும் போகும். ஒரே பெட்டியின் இரண்டு அறைகளில் பத்திரத்தையும் அதன் நகலையும் வைப்பது போன்றது இது. இரண்டாவது பிரதி வேறொரு கருவியில் இருக்க வேண்டும்.

4. நினைவு அட்டையிலிருந்து அழித்த படம் அழிந்துவிட்டதா? பெரும்பாலும் உடனே அழிவதில்லை. நூலின் பொருளடக்கத்திலிருந்து ஒரு வரியை அடித்தது போலத்தான். பக்கம் உள்ளே இருக்கிறது. புதிய செய்தி அதன்மேல் எழுதப்படும் வரை மீட்டெடுக்க இயலும். ஆகவே கைப்பேசியை விற்குமுன் நினைவு அட்டையைக் கழற்றிக்கொண்டு, கைப்பேசியின் அமைப்புகளில் உள்ள முழு அழிப்பைச் செய்துவிட வேண்டும். குடும்பப் பெண்களின் படங்கள் இருக்கும் கருவி என்பதை மறவாதீர்கள்.

5. நம் கணினியில் அழகாகத் தெரிந்த நிக்காஹ் அழைப்பிதழ், அச்சகத்தின் கணினியில் புரியாத ஆங்கில எழுத்துக்களாகத் தெரிவது ஏன்? பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துக்குரிய எண்ணின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்தியவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் போர்வை விலகிவிடுகிறது. யூனிகோடு முறையிலோ, தமிழ் எழுத்துக்களுக்கென்றே உலகப் பொதுவான எண்கள் உண்டு. 1999-இல் சென்னையில் நடந்த மாநாட்டை ஒட்டித் தமிழ்99 விசைப்பலகை வந்தது. 2010-இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. இன்றும் பல ஆண்டுகள் தட்டச்சு செய்தவர்கள் கூட எழுத்துருவுக்கும் எழுத்தின் எண்ணுக்கும் உள்ள வேறுபாட்டை அறிவதில்லை.

6. இணைய முகவரியின் அருகே பூட்டுச் சின்னம் இருந்தால் அந்தத் தளத்தை நம்பலாமா? பூட்டின் பொருள், நீங்கள் அனுப்புவதை வழியில் பிறர் படிக்க இயலாது என்பதே. மறுமுனையில் இருப்பவர் நல்லவர் என்பதற்கு அது சான்றன்று. திருடனும் தன் கடைக்குப் பூட்டு வாங்கலாம்.

7. நமக்குப் பணம் வர வேண்டுமானால் க்யூஆர் குறியை நாம் ஸ்கேன் செய்து பின் எண்ணைத் தர வேண்டுமா? வேண்டவே வேண்டாம். பணம் பெறுவதற்குப் பின் எண் தேவையே இல்லை. இந்த ஒன்றை அறியாமல் பணத்தை இழந்தவர்களில் படித்தவர்களும் உண்டு. இழக்க நேரிட்டால் தாமதியாமல் 1930 என்ற அரசு உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

ஏழுக்கும் சரியான விடை கூறுபவர் உங்கள் வீட்டில் இருந்தால் நீங்கள் பாக்கியசாலிகள். நான்கிற்கு மேல் தடுமாறினாலும் மனம் தளர வேண்டாம். இவற்றைக் கற்க ஓராண்டுப் படிப்புத் தேவையில்லை; சில மாலைப் பொழுதுகள் போதும்.

கேட்பதற்கு வெட்கம் எதற்கு?

இந்த ஓட்டை அடைபடாமல் இருப்பதற்கு உண்மையான காரணம் வெட்கம். பத்தாம் வகுப்பு மாணவன் தெரியாததைத் தயங்காமல் கேட்டுவிடுகிறான். பட்டம் பெற்றவரால் கேட்க இயலவில்லை. "பி.இ. படித்துவிட்டு இதைக் கேட்கிறாயே" என்று ஒருவர் சிரித்துவிடுவார் என்ற அச்சம் அவரை வாய் திறவாமல் செய்கிறது. பட்டம் உயர உயர, கேள்வி கேட்கும் வாசல் குறுகிவிடுகிறது. அறியாமை தவறன்று, அறிந்தவர் போல் நடிப்பதே ஆபத்து. வளைகுடாவிலோ சென்னையிலோ புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளை, முதல் வாரத்தில் கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்காமல் விட்டுவிட்டு, ஆண்டுக்கணக்கில் அதை மறைத்துக்கொண்டே காலந்தள்ளுவது எத்தனை பெரிய சுமை!

ஆகவே பெற்றோர்களே, "கம்ப்யூட்டர் படித்தவன்தானே, இது கூடத் தெரியாதா?" என்ற சொல்லை இல்லத்திலிருந்து அகற்றிவிடுங்கள். அச்சொல்லே பிள்ளையின் வாயை அடைக்கிறது. பட்டதாரிகளே, அடுத்த முறை ஜெராக்ஸ் கடைக்குச் செல்லும்போது, "எனக்குச் செய்து கொடுங்கள்" என்பதோடு, "எப்படிச் செய்கிறீர்கள் என்று காட்டுங்கள்" என்றும் கேளுங்கள். கடையில் இருக்கும் அந்தப் பெண் உங்களைவிட வயதிலும் படிப்பிலும் குறைந்தவராக இருக்கலாம். இந்த ஒரு விஷயத்தில் அவர் உங்கள் ஆசிரியர்.

நம் இல்லங்களில் கணினி அறிவியல் படித்துப் பட்டம் பெற்று, திருமணத்திற்குப் பின் அதைத் தொடாமலே இருக்கும் பெண்கள் எத்தனையோ பேர். அவர்களுடைய கல்வியை மீண்டும் உயிர்ப்பிக்க இது நல்ல வாய்ப்பு. ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம், தெருவிலுள்ள நான்கு பிள்ளைகளைக் கூட்டி, ஃபைல் எங்கே இருக்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். கற்பிக்கத் தொடங்கினால் நமக்கு எது தெரியாது என்பதும் தானே வெளிப்படும். ஜமாஅத்துகள் தங்கள் கட்டடத்தில் ஓர் அறையும், பயன்படுத்தப்படாமல் கிடக்கும் இரண்டு மடிக்கணினிகளும் தந்தால் போதும். பெரும் பொருட்செலவு இல்லை.

பட்டம் என்பது ஒருவர் எங்கு வரை நடந்தார் என்பதைக் காட்டும் மைல்கல். வழியில் அவர் தாண்டிச் சென்ற பள்ளங்களை அது காட்டாது. அப்பள்ளங்களை நிரப்பும் பணியை நாமே, நம் வீட்டுத் திண்ணையிலேயே தொடங்குவோம். இன்ஷா அல்லாஹ், அடுத்த விண்ணப்பக் காலத்தில் நம் பிள்ளைகள் தங்கள் படத்தைத் தாங்களே சுருக்கி, தங்கள் கடவுச்சொல்லைத் தங்களுக்குள்ளேயே வைத்துக்கொண்டு, வீட்டிலிருந்தே விண்ணப்பிக்கட்டும்.